அடியில் நின்ற ஒரு சொட்டு

வணக்கம் நண்பர்களே. விடியற்காலையிலேயே பைக் எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு வந்துவிட்டேன். சேர்வராயன் குகைக்குள் குனிந்துபோய்ச் சாமி கும்பிட்டு, இப்போதுதான் வெளியே உட்கார்ந்தேன். காற்று இரைகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறக்கக் கிளம்பும் முன் சாமியிடம் என்ன வேண்டிக்கொள்வாய் என்று பலரும் கேட்கிறார்கள். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் எனக்குத் தரைப்பணி. ஏடிஆர் என்ற பயணிகள் விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குச் சாக் வைப்பேன், உருளாமல் தடுக்கும் கட்டை. விமானி உட்காரும் இடத்திலிருந்து அது தெரியாது. நான் கை காட்டினால் அவர் நம்புகிறார், அவ்வளவுதான்.

லீவு நாட்களில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் பயிற்சி. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், நான் 31-இல் இருக்கிறேன். முதல்முறை தனியாகப் போனபோது, பக்கத்துச் சீட்டில் கற்றுக்கொடுக்கும் சார் இல்லாத எடைக்கே விமானம் சட்டென்று மேலே எழும்பியது. வலப்பக்கம் இந்த மலை. அழுதுவிட்டேன்.

ஆனால் மனதில் தங்கியது வேறொரு நாள். ஏறும் முன் டாங்கின் அடியிலிருந்து சின்னக் குழாயில் எரிபொருள் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் கனத்தால் அடியில் போய் நின்றுவிடும். நேற்றுத்தானே பார்த்தோம் என்று அன்றைக்கு எனக்குச் சோம்பல். நெற்றியில் திருநீறு, பையில் கோட்டை மாரியம்மன் குங்குமம், போதும் என்று நினைத்தேன். இருந்தாலும் கை பழக்கத்தில் குழாயைத் தூக்கியது. நீலத்துக்கு அடியில், நிறமே இல்லாமல், ஒரு முத்து உருண்டது. ராத்திரி நல்ல மழை. முத்து வராத வரைக்கும் மூன்று தடவை பிடித்துக் கொட்டினேன். சாரும் வந்து பார்த்த பிறகுதான் ஏறினோம். அது எஞ்சினுக்குப் போயிருந்தால் எஞ்சின் வானத்திலேயே நின்றிருக்கலாம்.

அதுவரை, "எதுவும் ஆகாமல் பார்த்துக்கோ சாமி" என்பேன். இப்போது, "இருக்கிறதை என் கண்ணில் காட்டு" என்கிறேன். "அந்தச் சொட்டைக் காட்டினதே சேர்வராயன்தான்டா" என்கிறார் அம்மா. நானும் அப்படித்தான் நம்புகிறேன். அதற்காகக் குழாயைக் கீழே வைக்க மாட்டேன்.

சரி, இறங்க வேண்டும். நாளைக்குக் காலை ஆறரைக்குப் பறக்கணும். வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும், ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடினால்தான் எழும்பும். திரும்பும்போது, மேகம் விலகியிருந்தால், இந்தக் கோயில் இருக்கும் திசையை மேலிருந்து காட்டுகிறேன்.