விளக்கெண்ணெயும் இதயப் பசையும்

(ஆத்தூர்க் கல்லூரி ஒன்றின் அறிவியல் மன்றத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, வேறு கூட்டம் இருந்தும் எனக்காக உட்கார்ந்திருக்கும் முன்னாள் கவுன்சிலர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஒளி பட்டால் இறுகி, வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் பாலிமர்கள், அதாவது சின்னச் சின்ன மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பொருள்கள். அவை எப்படி இறுகுகின்றன, எப்படிக் கரைகின்றன, யார் செய்கிறார்கள் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அதற்கு முன் ஒரு பழமொழி: கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? காரணம் பிறகு சொல்கிறேன்.

பல் டாக்டர் சொத்தையை அடைத்துவிட்டு நீல விளக்குக் காட்டுகிறாரே, அதே வித்தைதான். பல் அடைப்பு கரையாது, இது கரையும். 2002ல் அமெரிக்காவில் யாடோங் வாங், ராபர்ட் லாங்கர் குழுவினர் கிளிசராலையும் செபாசிக் அமிலத்தையும் சேர்த்து, இழுத்தால் நீளும் பாலிமர் ஒன்றை வெளியிட்டார்கள். அதோடு அக்ரிலேட் என்கிற, ஒளியில் ஒன்றோடொன்று கைகோக்கும் வேதிக்கொக்கியைக் கோத்ததும் ஒளியில் இறுகும் பசை கிடைத்தது. 2014ல் துடித்துக்கொண்டிருந்த பன்றி இதயத்துக்குள் அதை வைத்து ஒட்டிக் காட்டினார்கள். ரத்தம் அதை அடித்துக்கொண்டு போகவில்லை. 2017ல் ரத்தக்குழாய்த் தையலுக்கு மேல் பூச ஐரோப்பிய அனுமதியும் வந்துவிட்டது.

சரி, செபாசிக் அமிலம் எதிலிருந்து வருகிறது? விளக்கெண்ணெயிலிருந்து! நம்ம கொட்டமுத்து, ஆமணக்கு விதை!

எங்கள் அம்மாயி கொட்டமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பார். லீவு விட்டால் விடியற்காலையில் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கரண்டி. என் மாமன் மகன் விவரமானவன், முதல்நாள் ராத்திரியே வைக்கோல் போரில் ஏறிப் பதுங்கிவிட்டான். அம்மாயி தேடவே இல்லை. அடுப்பைப் பற்றவைத்து வடை சுட்டார். வாசனைக்கு அவனே இறங்கி வந்தான். வடை ஒன்று, எண்ணெய் இரண்டு கரண்டி! (சிரிப்பு) அன்றைக்குக் கொல்லைக்கும் வீட்டுக்குமாக அவன் நடந்த நடையை ஊரே பார்த்தது. இப்போது அவர் வங்கி மேலாளர். பெயரைச் சொன்னால் எனக்குக் கடன் கிடைக்காது.

உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். இதோ, பக்கத்து ஏத்தாப்பூரிலேயே மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாம் எண்ணெயைச் சீனாவுக்குக் கப்பலேற்றுகிறோம். அங்கே காஸ்டிக் சோடாவோடு சூடாக்கிச் செபாசிக் அமிலம் எடுக்கிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? ஆத்தூர்ப் பக்கம் ஒரு செபாசிக் அமில ஆலை வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்கிறேன்.

கரைவது பற்றி: கிளிசராலையும் செபாசிக் அமிலத்தையும் கோத்திருக்கும் எஸ்டர் என்கிற பிணைப்புகளை உடம்பின் ஈரம் மெல்ல அறுக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது செய்திக்குள் முதல்வர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ஆலை கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். நன்றி, வணக்கம்.