மேசைமேல் நான்கு கண்ணாடிகள்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் கண் பிரிவில் பவர் பார்ப்பது என் வேலை. புரை ஆபரேஷன் முடிந்த குழந்தைகள் என்னிடம் வருடக்கணக்கில் வந்துபோவார்கள்.

அண்மையில் ஒரு அம்மா பையிலிருந்து நான்கு கண்ணாடிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். எல்லாம் அவருடைய நான்கு வயது மகனுடையவை. எட்டு மாத வயதில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, உள்ளே செயற்கை லென்ஸ் வைத்த பிள்ளை. முதல் கண்ணாடி உள்ளங்கைக்குள் அடங்கும். தலைக்குப் பின்னால் மாட்ட எலாஸ்டிக் நாடா, நடுவில் புடைத்த சில்லு. கடைசிக் கண்ணாடியோ நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருந்தது. பிளஸ்ஸில் தொடங்கியவன் மைனஸுக்கு வந்துவிட்டான்.

“உள்ளே வச்ச லென்ஸ் கெட்டுப்போச்சா சார்?”

கெடவில்லை. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்தான். பெரியவர்களுக்கு 23, 24 வரும். அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்திலேயே நடந்துவிடும். கண் நீள நீள பவர் மைனஸ் பக்கம் நகரும். உள்ளே வைத்த லென்ஸோ வளராது. அதனால்தான் கைக்குழந்தைக்கு வேண்டுமென்றே பவர் குறைவான லென்ஸை வைத்து, மீதியைக் கண்ணாடியில் கொடுக்கிறோம். வளரும் பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாகத் தைப்பது மாதிரிதான்.

ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தால் பாடு அதிகம். மூளை நல்ல கண்ணோடு பழகிவிடும், ஆபரேஷன் செய்த கண் சோம்பேறிக் கண்ணாகும். அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்திரியால் மூட வேண்டும். பிள்ளை அழும், பிய்த்தெறியும், பாட்டி நம்மைத் திட்டுவார். அமெரிக்காவில் இப்படி ஒரு கண்ணில் புரையோடு பிறந்த 114 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள். மறுபாதிக்கு வெளியே காண்டாக்ட் லென்ஸ். பத்தரை வயதில் பார்த்தால் இரு பக்கமும் பார்வையில் பெரிய வித்தியாசமில்லை. சுமார் கால்வாசிப் பேருக்கு நல்ல பார்வை. பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு அந்தக் கண்ணில் சார்ட்டின் பெரிய எழுத்தளவோ அதைவிட மோசமாகவோதான். எந்த லென்ஸ் என்றே கேட்கிற பெற்றோரிடம் இதைத்தான் சொல்வேன். பிளாஸ்திரியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

நான் பயப்படுவது கண் அழுத்த நோய்க்குத்தான். அந்த 114 குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பத்து வருடத்துக்குள் அது வந்தது. ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்தும் வரும். வலியே இல்லாமலும் வரும். சின்னக் குழந்தையென்றால் கண்ணில் நீர் வடியும், வெளிச்சம் கூசும், கருவிழி பெரிதாகும். இன்னொரு தடயம், பவர் திடீரென்று மைனஸுக்குப் பாய்வது. அழுத்தம் ஏறினால் இளம் கண் உப்பி நீளும்.

அதனால்தான் பழைய கண்ணாடியைத் தூக்கிப்போடாதீர்கள் என்கிறேன். அந்த நான்கையும் பவர் அளக்கும் மெஷினில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டுக்கும் நடுவே பெரிய இறக்கம், அப்புறம் சின்னச் சின்னதாக. கண் வளர்கிற வேகம் அப்படித்தான் குறையும். டாக்டர் அழுத்தத்தையும் பார்த்தார், சரியாக இருந்தது.

ஐந்தாவதாக பைஃபோகல் எழுதிக் கொடுத்தேன், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. “இந்த வயசுல தாத்தா கண்ணாடியா?” என்றார் அம்மா. செயற்கை லென்ஸுக்குத் தாத்தா லென்ஸ் மாதிரியே கிட்டத்துக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது, ஜூனில் பையன் பள்ளிக்கூடம் போகிறான், ஸ்லேட்டும் தெரிய வேண்டும் போர்டும் தெரிய வேண்டும் என்றேன். அதற்குள் அவன் சிவப்பு ஃபிரேமைக் கையில் எடுத்துவிட்டான்.