மூக்கில் ரத்தம் கொட்டினால் தொண்டையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலில் வாங்கிய சூடு ராத்திரியிலும் தணிவதில்லை. மூக்கின் உள்தோல் காய்ந்து வெடிக்கிறது, பிள்ளைகள் விரலை விட்டு நோண்டுகிறார்கள், சில்லுமூக்கு உடைகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

வருகிறவர்களில் பலர் தலையைப் பின்னால் சாய்த்தபடிதான் வருவார்கள். நெற்றியில் ஈரத்துண்டு இருக்கும், கூட வந்தவர் பிடரியைத் தாங்கிப் பிடித்திருப்பார். "இப்ப நின்னுடுச்சு டாக்டர்" என்பார்கள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால், தொண்டையின் பின்சுவரில் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் நிற்கவில்லை, வழியை மாற்றிக்கொண்டு வயிற்றுக்குள் போகிறது. வயிற்றில் சேர்ந்த ரத்தம் குமட்டும், வாந்தியாக வரும். மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன், தயவு செய்து அண்ணாந்து பார்க்கவோ படுக்கவோ வைக்காதீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உட்கார வையுங்கள். தலையை முன்பக்கமாகக் குனியச் சொல்லுங்கள். மடியில் ஒரு பாத்திரம் கொடுங்கள், வாய்க்கு வருவதைத் துப்பட்டும், விழுங்க வேண்டாம். அப்புறம் மூக்கைப் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கண்ணாடி உட்காரும் எலும்பை அழுத்திப் பயனில்லை. அந்த எலும்பு முடிந்து அதற்குக் கீழே மெத்தென்று அசைகிற பகுதியை, இரண்டு பக்கமும் சேர்த்து, கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ரத்தம் வருவது மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கமாக இருக்கும் மெல்லிய குழாய்களிலிருந்துதான். அந்த இடம் உங்கள் விரல்களுக்கு நேர் கீழே இருக்கிறது. வாயால் மூச்சு விடச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 10 நிமிடம் பிடியுங்கள். நடுவில் "நின்னுடுச்சா" என்று விட்டுப் பார்க்கவே கூடாது. உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். 10 நிமிடத்துக்குப் பிறகும் வந்தால் இன்னொரு 10 நிமிடம். அதற்கும் நிற்காவிட்டால் பிடித்த பிடியை விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவதிலும் வெங்காயத்தை முகர வைப்பதிலும் இந்த நிமிடங்கள் வீணாகக் கூடாது.

இனி அந்தப் பத்தாவது ஆளைப் பற்றி. நான் அதிகம் கவலைப்படுவது அவரை நினைத்துத்தான். பெரும்பாலும் வயதானவராக இருப்பார். பிரஷர் இருக்கும், அல்லது நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுவார், அல்லது இதய வால்வு மாற்றி, அதே வேலை செய்யும் வார்ஃபரினில் இருப்பார். இவருக்கு ரத்தம் வருவது மூக்கின் பின்கோடியில், கொஞ்சம் பெரிய தமனியிலிருந்து. முன்னால் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அங்கே எட்டாது. மூக்கு நுனியில் சொட்டுதான் தெரியும், ஆனால் அவர் திரும்பத் திரும்ப எச்சில் விழுங்குகிற மாதிரி விழுங்கிக்கொண்டே இருப்பார். முகம் வெளுத்து, வியர்த்து, கை சில்லிட்டுப் போகும். இதைப் பார்த்தால் 20 நிமிடம் காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பிரஷர் கூடியிருக்கிறது என்று நீங்களாக ஒரு மாத்திரையை நாக்கின் கீழ் வைக்காதீர்கள். ரத்தத்தைப் பார்த்த பயத்திலேயே பிரஷர் ஏறும், அதைச் சடாரென்று இறக்குவது ஆபத்து. ஸ்டென்டுக்கான மாத்திரையை நீங்களே நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து.

ஆஸ்பத்திரியில் முதலில் மூச்சு, நாடி, பிரஷர் பார்ப்பார்கள். கையில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து வகை பார்க்க அனுப்புவார்கள். ரத்தம் வரும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டு அடைப்பார்கள். தெரியாவிட்டால் மூக்கில் பஞ்சோ துணிநாடாவோ வைத்து இறுக்குவார்கள். பின்பக்க ரத்தத்துக்கு, சிறுநீர் போகப் பயன்படுத்தும் அதே ரப்பர் குழாயை மூக்கு வழியாக விடுவதுண்டு. அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் பதறிப்போகிறார்கள். அதன் நுனியில் உள்ள சிறு பலூன் மூக்கின் பின்வாசலில் போய் உப்பி அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது இருக்கும்வரை நோயாளி வார்டில் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும். வலிக்கிறது என்று இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் அடங்காதவர்களுக்கு எண்டோஸ்கோப் வழியாக அந்தத் தமனியையே மூடும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

சில நேரம் மூக்கு வேறு நோயைக் காட்டிக்கொடுக்கும். காய்ச்சலோடு ரத்தம் வந்தால் டெங்குவா என்று பார்க்க வேண்டும். வயலில் ஏதோ கடித்த பிறகு மூக்கிலும் ஈறிலும் கசிந்தால், அது கண்ணாடி விரியன் விஷமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பைக்கிலிருந்து விழுந்தவருக்கு ரத்தத்தோடு தண்ணீர் போலவும் ஒழுகினால் மூக்கில் எதையும் திணிக்காதீர்கள், மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். பதின்ம வயதுப் பையனுக்கு ஒரே பக்கம் அடைத்து, அதே பக்கம் அடிக்கடி ரத்தம் வந்தால், சூடு என்று இளநீரோடு விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வயதுப் பையன்களுக்கு மூக்கின் பின்னால் ரத்தக்குழாய்க் கட்டி வருவதுண்டு.

நின்ற பிறகு ஒரு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தவோ, நோண்டவோ, கனமானதைத் தூக்கவோ வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். படுக்கும்முன் மூக்கு வாசலில் உள்பக்கமாக மெல்லிசாக வாசலின் (Vaseline) களிம்பு தடவிவந்தால் வெயில் காலம் முடியும்வரை காய்ந்து வெடிப்பது குறையும். வணக்கம்.