நவுரு கொடியில் நட்சத்திரம் ஏன் ஓரத்தில் இருக்கிறது?

அடுத்த கேள்விக்கு வருவோம். நவுரு நாட்டுக் கொடியைப் பற்றி ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அந்த நட்சத்திரம் ஆஸ்திரேலியக் கொடியிலிருந்து எடுத்ததா? நடுவில் வைக்காமல் ஏன் கோட்டுக்குக் கீழே ஓரமாக வைத்திருக்கிறார்கள்?"

ஆஸ்திரேலியாவிடமிருந்து எடுத்தது இல்லை. அங்கே பெரிய நட்சத்திரத்துக்கு 7 முனைகள், நவுருவில் 12. பல காலம் ஆஸ்திரேலிய நிர்வாகத்தில் இருந்த தீவு என்பதால் இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான்.

சரி, ஏன் ஓரத்தில்? இந்தக் கொடியை ஒரு வரைபடமாகப் பாருங்கள். நீலம்தான் பசிபிக் பெருங்கடல். குறுக்கே போகும் மெல்லிய மஞ்சள் பட்டை பூமத்திய ரேகை. நட்சத்திரம் நவுரு. அந்தத் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 60 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் கொடியிலும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வைத்தார்கள். மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர். உலக வரைபடத்தில் தேடினால் கண்ணுக்கே படாது. நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று கொடியிலேயே இடம் குறித்துக் காட்டிவிட்டார்கள். நான் பார்த்த கொடிகளில் இவ்வளவு நேராகப் பேசும் கொடி வேறில்லை.

நட்சத்திரத்தின் வெள்ளை நிறம், உரம் தயாரிக்க வெட்டியெடுக்கும் பாஸ்பேட் என்ற கனிமத்தைக் குறிக்கிறது என்பார்கள். அந்நாட்டின் வருமானமே அதிலிருந்துதான் வந்தது.

அந்த 12 முனைகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவை நவுருவின் 12 பூர்வகுலங்கள். அதில் இருவா, இவி என்ற இரண்டு குலங்கள் 20ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போய்விட்டன. ஆனாலும் 10 முனையோடு வரையவில்லை. இல்லாமல் போனவர்களுக்கும் கொடியில் இடம் உண்டு. எனக்கு இந்தக் கொடியில் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம், கொடி ஏற்றிய தேதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் தீவைப் பிடித்த ஜப்பானியப் படை, 1943இல் சுமார் 1,200 நவுரு மக்களைக் கப்பலேற்றி, பசிபிக்கிலேயே உள்ள ட்ரக் (Truk) தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனது. பசியிலும் நோயிலும் பலர் இறந்தார்கள். உயிரோடு ஊர் திரும்பியவர்கள் 737 பேர். அவர்கள் தீவில் கால் வைத்த நாள் 1946 ஜனவரி 31. சரியாக 22 ஆண்டுகள் கழித்து, 1968 ஜனவரி 31 அன்று நவுரு சுதந்திரம் பெற்றது. இந்தக் கொடி நாட்டுக்கு வந்ததும் அதே நாளில்தான்.