வெள்ளைச் சட்டையும் கார் திரையும்

[காட்சி: நண்பகல். காரின் நடுத்திரையில் வரைபடம். அதன்மேல் ஓட்டுநரின் வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிகிறது.]

இந்தத் திரை 1,000 நிட் வெளிச்சம் தரக்கூடியது (நிட் என்பது ஒளிர்வை அளக்கும் அலகு). ஆனாலும் அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்பது தெரியவில்லை. சட்டைப் பொத்தான்கள்கூடத் தெரிகின்றன, சாலை தெரியவில்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜன்னல் வழியே வெயில் படும் வெள்ளைத் துணியின் ஒளிர்வைச் சுமார் 10,000 நிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். மேல்கண்ணாடியின் முன்புறம், பின்புறம், உள்ளே பேனலின் (படம் காட்டும் தகட்டின்) முகம் என மூன்று பரப்புகள். மொத்தம் 12 சதவீதம். 1,000 நிட் படத்தின்மேல் 1,200 நிட் சட்டை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

[காட்சி: எல்சிடி திரையின் அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன.]

எல்சிடி திரையில் படத்துக்குப் பின்னாலிருந்து எல்இடி விளக்குகள் தரும் பின்னொளியைக் கூட்டினால் சரியாகிவிடாதா? எல்இடி தரும் ஒளியில் பாதிக்கு மேல், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசரிலேயே போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கை வண்ண வடிகட்டி விழுங்குகிறது. கடைசியில் வெளியே வருவது நூற்றுக்கு ஐந்து போல, மற்றதெல்லாம் சூடு. ஏற்கெனவே கொதிக்கும் டேஷ்போர்டில் இந்தச் சூடும் சேர்ந்தால், எல்இடியைக் காப்பாற்ற மின்சுற்றே வெளிச்சத்தைக் குறைக்கும். தேவை உச்சத்தில் இருக்கும்போதுதான் திரை மங்கும்.

ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது பிரதிபலிப்பில்தான். மேல்கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே உள்ள காற்றிடைவெளியைத் தெளிந்த பசையால் நிரப்பினால், உள்ளே இருக்கும் இரண்டு பரப்புகளும் ஏறக்குறைய மறைந்துவிடும். 1,200 நிட் 400 ஆகும். முன்புறத்தில் பிரதிபலிப்பை 1 சதவீதமாகக் குறைக்கும் பூச்சு பூசினால் 100. இதற்காக பேட்டரியிலிருந்து ஒரு வாட்கூட அதிகமாக எடுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

[காட்சி: போலரைசரின் அடியில் ஒரு மெல்லிய படலம் நுழைகிறது.]

அடுத்தது, வீணாகும் ஒளியை மீட்பது. போலரைசருக்கு ஒவ்வாத ஒளியை இந்தப் படலம் பின்னே அனுப்புகிறது. அது அடியில் பட்டு அதிர்வுத் திசை மாறித் திரும்பும்போது ஒரு பகுதி கடந்து போகிறது. அதே மின்சாரம், கூடுதல் வெளிச்சம்.

ஓஎல்இடி என்ற இன்னொரு வகைத் திரையில் பின்னொளி கிடையாது; ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்புப் பகுதிக்கு மின்சாரமே வேண்டாம். கார்களுக்கு இரண்டு ஒளிரும் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். அதே மின்னோட்டத்தில் வெளிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மின்னழுத்தமும் கூடத்தான் செய்கிறது. ஆனால் பழைய அளவு வெளிச்சமே போதுமென்றால் ஒவ்வொரு அடுக்கின் பளுவும் குறைவதால் திரை நீண்டநாள் உழைக்கும்.

[காட்சி: அணைந்த திரை. அதில் மறுபடியும் அதே வெள்ளைச் சட்டை.]

புதிய கார் பார்க்கப் போகிறீர்களா? வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். திரையை அணைத்துவிட்டு, அதில் உங்கள் சட்டை எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு நிட் எவ்வளவு என்று கேளுங்கள்.