மாத்திரை வேண்டாம் என்றால்

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியர். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. ஊருக்குள் நர்சம்மா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். கருத்தடை பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்றதும் என் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சத்தமா வெச்சுக் கேக்கலாமா?" கேட்கலாம் அத்தை. வீட்டு ஆண்களும் கூட உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

"நர்சம்மா, மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வேற ஏதாச்சும் சொல்லுங்க." வாரத்துக்கு ஒருத்தராவது இப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் உடனே வேறு எதையும் எடுத்து நீட்டுவதில்லை. "ஏன் வேண்டாம்?" என்றுதான் முதலில் கேட்பேன். மிரட்டுவதற்காக அல்ல. அந்தக் காரணம் தெரிந்தால்தான் அடுத்து எதைச் சொல்வது என்று எனக்கே பிடிபடும்.

பலரும் சொல்லும் காரணம், "பின்னாடி பிள்ளை தங்காதாம்" என்பது. இது தவறு. தினமும் போடும் மாலா மாத்திரையை நிறுத்தினால் அடுத்த மாதமே உண்டாகலாம். உடம்பில் மருந்து மிச்சம் இருக்கும், அது காப்பாற்றும் என்று நம்பி, அட்டையைப் பாதியில் வைத்துவிட்டு, நாள் தள்ளிப்போன பிறகு ஓடி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி மட்டும் கொஞ்சம் வேறு. கடைசி ஊசி போட்டதிலிருந்து கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். அது தாமதம், மலட்டுத்தன்மை இல்லை. பயம் மட்டும்தான் காரணம் என்றால், பேசித் தெளிந்த பிறகு மாத்திரைக்கே திரும்பியவர்களும் உண்டு.

வேண்டாம் என்பதற்கு நிஜமான காரணங்களும் இருக்கின்றன. என் கதையையே சொல்கிறேன். மகன் பிறந்து ஒரு வருஷம் கழித்து, ஊருக்கெல்லாம் கொடுத்த மாத்திரையை நானும் போட ஆரம்பித்தேன். இரண்டாவது மாதம், கண்ணுக்கு முன்னால் வளைந்து வளைந்து ஒரு கோடு மின்னியது. இருபது நிமிஷம் இருக்கும். அப்புறம் ஒரு பக்கமாக மண்டையைப் பிளக்கும் வலி. சின்ன வயதிலிருந்தே எப்போதாவது வரும்தான், வெயிலால் என்று விட்டிருந்தேன். மின்னலோடு வருகிற அந்த ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள் மாலா மாதிரி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரையைத் தொடவே கூடாது. பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். படிப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் மாத்திரை போடும் முன் என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. உயர் ரத்த அழுத்தம், காலில் ரத்தம் உறைந்தது, கல்லீரல் கோளாறு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இவையும் அதே பட்டியல்தான். இவை எதுவுமே இல்லாமல், "எனக்குப் பிடிக்கலை, மனசு சரியில்லாம போகுது" என்றாலும் அது காரணம்தான். நான் வாதாட மாட்டேன்.

சரி, மாற்று என்ன? நான் போனது காப்பர்-டிக்கு. கர்ப்பப்பைக்குள் வைக்கிற, செம்பு சுற்றிய சின்ன பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். செம்பு விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் எதுவும் கலப்பதில்லை. 380-ஏ என்ற வகை பத்து வருஷம், 375 என்ற வகை ஐந்து வருஷம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நூறு பேர் வைத்துக்கொண்டால் முதல் வருஷத்தில் உண்டாவது ஒருவருக்கும் குறைவுதான். மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்கிற கதையை இந்த இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ! கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே கிடையாது அம்மா. சில பேருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதத்தில், அது கீழே நழுவி வெளியே வந்துவிடும். அதனால்தான் அதன் அடியில் தொங்கும் நூல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம்.

ஆனால் அதிக ரத்தப்போக்கு என்று மாத்திரையை வெறுத்து வருகிறவருக்கு நான் காப்பர்-டியை அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். மாத்திரை பொதுவாகப் போக்கைக் குறைக்கும். காப்பர்-டி, முக்கியமாக முதல் மூன்று முதல் ஆறு மாதம், கூட்டும். நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. முதலில் உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம், அப்புறம் முடிவு. இன்னொன்று: கர்ப்பப்பைக்குள் வைப்பதெல்லாம் செம்பு இல்லை. தனியார் மருத்துவமனைகளில் ஹார்மோன் கசியும் வகையும் வைக்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது என்று கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாயா என்ற கருத்தடை மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார்கள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது; 1991 முதல் சஹேலி என்ற பெயரில் கடையில் கிடைத்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஹார்மோன் இல்லாத மாத்திரை என்றுதான் நாங்களும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அது ஹார்மோனின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிற மருந்து. சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். சினைப்பை நீர்க்கட்டி, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். பால் கொடுப்பவர்கள் சாப்பிடலாம்.

பால் கொடுக்கும்வரை உண்டாகாது என்று பாட்டிகள் சொல்வது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, பகலிலும் ராத்திரியிலும் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து இருந்தால் நல்ல பாதுகாப்பு. ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு உடைந்தது.

நாள் பார்த்து இருக்கிறோம் என்பவர்களிடம் எந்த நாள் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பதில். மாதவிடாய் 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருகிறவர்களுக்கு மட்டும் இது சரிப்படும். ரத்தம் பட்ட முதல் நாளை ஒன்று என்று எண்ணி, எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் முடிய சேரக் கூடாது, அல்லது ஆணுறை போட வேண்டும். அவ்வளவு நீளமா என்பார்கள். முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை காத்திருக்கும். அதனால்தான். பன்னிரண்டு நாள் வீட்டுக்காரர் ஒத்துழைப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அங்கேதான் ஆண்கள் வருகிறார்கள். ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால், நூறு ஜோடியில் ஒரு வருஷத்தில் இருவருக்குத்தான் தவறும். நடைமுறையில் பதின்மூன்று. மீதி எங்கே போகிறது என்றால், "இன்னிக்கு ஒரு நாள் பரவாயில்லை" என்பதில். அப்புறம் தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்டால் ரப்பர் பலவீனமாகிக் கிழியும். இதை எந்த வீட்டிலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். கிழிந்துவிட்டால் ஐந்து நாளுக்குள் வாருங்கள், காப்பர்-டி வைத்தே தடுத்துவிடலாம்.

குடும்பம் போதும் என்று முடிவான பிறகு ஆபரேஷன். ஆண்களுக்கான தழும்பில்லாத முறையில் கத்தி கூட வைப்பதில்லை. ஒரே ஒரு துளை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை. ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கருத்தடைக்காகப் பெண் ஆபரேஷன் செய்துகொண்ட ஜோடி நூற்றுக்கு 37.9. ஆண் செய்துகொண்டது 0.3.

என் முதல் காப்பர்-டிக்குப் பத்து வருஷம் முடிந்தபோது, இந்தத் தடவை நீங்கள் போய் வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல மனிதர். மறுக்கவில்லை. "யோசிக்கிறேன்" என்றார். யோசிக்கட்டும் என்று இரண்டாவதை வைத்துக்கொண்டேன். அப்புறம் எனக்கு மாதவிடாய் நின்றது. ஒரு வருஷம் பொறுத்து அதையும் எடுத்தாயிற்று. அவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நன்றி, வணக்கம்.