லொறிக்கு இருக்கும் காப்புறுதி உங்கள் அலுமாரிக்கு இல்லை

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் வருட முடிவு வந்தால் வீடு மாறும் காலமும் வந்துவிடும். வழமையாக ஆசிரியர் இடமாற்றங்கள் ஜனவரியில் நடைமுறைக்கு வரும், பிள்ளைகளுக்கும் புதிய வகுப்புத் தொடங்கும். வாடைக்காற்றோடு மழை கொட்டுவதும் அதே நாட்களில்தான். உவர்மலையிலிருந்து நிலாவெளிக்குப் போனாலும் சரி, கந்தளாய், ஹபரணை தாண்டிக் கொழும்புக்குப் போனாலும் சரி, சேர்த்துவைத்த சாமான் முழுவதும் ஒரு தறப்பாளின் கீழ் போகிறது.

வாடகை பேசும்போது, "லொறிக்கு புல் இன்சூரன்ஸ் இருக்கு, ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்" என்று சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. லொறிக்குக் காப்புறுதி இருக்கலாம். ஆனால் அது லொறிக்குத்தான். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்புறுதி, வாகனத்தால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கானது. முழுக் காப்புறுதி என்றால் லொறியின் சேதமும் அதில் அடங்கும். பின்னால் ஏற்றியிருக்கும் உங்கள் கட்டிலும் தையல் மெசினும் சாதாரணமாக இரண்டிலும் வராது. ஏற்றிச் செல்லும் பொருட்களுக்கென்று தனிக் காப்புறுதி இருக்கிறது. அதை லொறிக்காரர் எடுத்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் எடுக்க வேண்டும். எடுத்திருக்கிறேன் என்றால் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக் காப்புறுதி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் பத்திரத்தில் உள்ள முகவரிக்குக் கட்டுப்பட்டது. சாமான் வாசலைத் தாண்டியதும் பாதுகாப்பு நின்றுபோகலாம். மாறும் நாளுக்கு முன்பே கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, பயணத்துக்கும் புது முகவரிக்கும் அதை நீட்டிக்க முடியுமா என்று கேளுங்கள்.

எதற்கெல்லாம் பணம் தருவார்கள் என்பதுதான் அடுத்தது. மலிவான ஒப்பந்தங்கள் சில தீ, மோதல், லொறி கவிழ்தல் என்று எண்ணி நாலைந்து ஆபத்துகளோடு நின்றுவிடும். மார்கழியில் நம் ஊரில் நடப்பது வேறு. தறப்பாள் ஓட்டையால் தண்ணீர் இறங்கி மெத்தை நனையும். ஏற்றும்போதோ இறக்கும்போதோ கை நழுவிக் கண்ணாடி அலுமாரி உடையும். இவை இரண்டும் அடங்குமா என்று நேராகக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. நம் வீடுகளில் சாமான் கட்டுவது நாமும் அயலவர்களும்தான். உரிமையாளரே கட்டிய பெட்டிக்குள் உடைந்த பீங்கானுக்குப் பல ஒப்பந்தங்கள் நட்டஈடு தருவதில்லை. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் பிரிட்ஜ் வேலை செய்யாமல் போனாலும் அப்படித்தான். அதனால் விலை கூடிய, உடையக்கூடிய பொருட்களையாவது ஏற்றிச் செல்பவர்களைக் கொண்டே கட்டுவிப்பது நல்லது.

பெறுமதியைக் குறைத்துச் சொல்லிக் கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் கவலையாக இருக்கும். உங்கள் சாமான் 20 லட்சம் ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள். வழியில் 2 லட்சத்துக்குச் சேதம். 10 லட்சத்துக்குள்தானே, முழுவதும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். விகிதாசார நிபந்தனை இருந்தால் கிடைப்பது 1 லட்சம். பாதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே பாதிதான் தருவோம் என்பது அவர்கள் கணக்கு. நீங்களே ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை ஒன்று ஒப்பந்தத்தில் இருந்தால், அதையும் கழிப்பார்கள்.

இதற்கு மருந்து ஒரு பட்டியல். ஒவ்வொரு அறையாகப் போய் எழுதுங்கள், தொலைபேசியில் படம் எடுங்கள், மின்சாதனங்களின் தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் சேர்த்துப் படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறலையும் மறைக்காமல் எழுதுங்கள். இந்த வேலைக்கு ஒரு பின்னேரம் போதும். காப்புறுதியே எடுக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

நகை, காசு, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் உறுதிகளைத் தொலைத்துவிட்டு, பிறகு கச்சேரிக்கும் காணிப் பதிவகத்துக்கும் அலைந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. அவற்றை லொறியில் ஏற்றவே வேண்டாம். கைப்பையில் உங்களோடு வரட்டும்.

புது வீட்டில் இறக்கியதும் "எல்லாம் சரி" என்று எழுதிய சீட்டில் அவசரப்பட்டு ஒப்பமிடாதீர்கள். பெட்டி நனைந்திருந்தால், மேசைக் கால் முறிந்திருந்தால் அந்தச் சீட்டிலேயே எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். உடைந்ததை எறியாமல் வைத்திருந்து, அன்றைக்கே கம்பனிக்குத் தெரிவியுங்கள். கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

நன்றி, வணக்கம்.